அப்பாவின் கிளாரினெட்

கொட்டச்சேடு
சித்திரை, திங்கட்கிழமை

அன்பு மகள் கவியாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. சேர்வராயன் சாமி துணையில் இங்கே நான், அப்பா, மாடு கன்று எல்லாரும் நன்றாக இருக்கிறோம். அங்கே தோஹாவில் நீயும் தலைவலி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சிரித்த முகமாக இருக்க வேண்டும். முன்பெல்லாம் நலம் என்று எழுதிவிட்டு அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன், பெற்ற பிள்ளைக்குப் பொய் எழுதுகிறோமே என்று இருக்கும். இந்தத் தடவை அப்படி இல்லை, கை தன்பாட்டுக்கு ஓடுகிறது, அதனால்தான் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தால் அந்த நிமிஷமே உனக்கு டூட்டி வந்துவிடுகிறது, காகிதத்தில் எழுதினால் டூட்டி முடிந்த பிறகாவது படிப்பாய். உன் ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கும் அந்தச் சேலத்துப் பெண் லீவு முடிந்து இந்த வாரமே திரும்புகிறாளாம், காப்பித்தூள், மிளகு, கூடவே இந்தக் கடிதம் எல்லாம் அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். காப்பித்தூள் நம் தோட்டத்துக் கொட்டை, சிக்கரி போடவில்லை. ரூமில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் வாரிக் கொடுத்துவிட்டு நீ பை டீயைக் குடித்துக்கொண்டு இருக்காதே.

ஊர்ச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் நல்ல மழை ஒன்று பெய்தது, அந்த ஈரத்துக்குக் காப்பி ஒரே சமயத்தில் பூத்து வாசல் வரைக்கும் வாசனை அடித்தது. ஆரஞ்சு இந்த வருஷமும் சரியில்லை, மிளகு பரவாயில்லை. சிவப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறாள், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, பார்த்தால் நீ தூக்கி மடியில் வைத்துக்கொள்வாய். இனி அப்பா செய்தி. ஆடி மாதத்தில் அவர் குடியை விட்டுவிட்டார் என்று நான் போனில் சொன்னபோது, இது எத்தனாவது தடவைம்மா என்று கேட்டாய். நீ கேட்டதில் தப்பே இல்லை. ஐயப்பனுக்கு மாலை போட்டுக் குடியை விட்டார், மாலையைக் கழற்றின அன்றைக்கே குடித்தார். நீ தோஹாவுக்குக் கிளம்பின அன்றைக்கு இனி தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கே தள்ளாடிக்கொண்டு வந்து உன் பெட்டியின்மேல் விழுந்தார். நீ அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ் ஏறினாய், அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. உன்னை நான் குறை சொல்லவில்லை சாமி. ஆனால் இந்தத் தடவை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை, அவராகவே வேட்டி துண்டை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தார். வந்தபோது கை நடுங்கிய நடுக்கத்தில் காப்பி டம்ளர் வாய்க்குப் போகாது, நான்தான் பிடித்துக் கொடுப்பேன். குடியை விட்டவர்கள் வாரம் ஒரு நாள் ஏற்காட்டில் ஒரு ஹாலில் கூடிப் பேசுகிறார்களே, அங்கேயும் போக ஆரம்பித்தார். அங்கேதான் மேக்ஸ்வெல் பழக்கமானார். வெள்ளக்கடை ஊரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருப்பவர், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பேண்டு செட் நடத்துகிறவர். அவரும் ஒரு காலத்தில் நன்றாகக் குடித்துக் கெட்டவர்தான், விட்டுப் பல வருஷம் ஆகிறது.

பகலெல்லாம் அப்பா தோட்டத்தில் கிடந்து பொழுதை ஓட்டிவிடுவார், சாயங்காலம் ஆனால்தான் வினை. வெயில் இறங்கினதும் வாசலுக்கும் கொட்டகைக்கும் நடப்பார், செருப்பைப் போடுவார், கழற்றுவார், சும்மா இருக்கிற என்மேல் எரிந்து விழுவார். இதை மேக்ஸ்வெல்லிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் என்ன சொன்னாராம் தெரியுமா, ஏனுங்ணா, நொம்ப நாள் பழகுன வாயில்லீங்களா, அந்நேரத்துக்கு அது எதையாச்சும் கேக்கத்தானுங்க செய்யும், அதுக்கு ஒரு வேலையக் குடுத்துப்போடுங்க என்று சொல்லி, பேண்டு செட்டில் சும்மா கிடந்த ஒரு பழைய கிளாரினெட்டை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். அப்பா அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து நடுவீட்டில் திறந்தார் பார், கறுப்பாகக் குழாய் குழாயாக இருக்கிறது. எந்தப் பாவியிடம் துப்பாக்கி வாங்கி வந்தீர்கள் என்று கத்திவிட்டேன். அவர் ஒவ்வொன்றாக மாட்டி, வாயில் வைத்து, கன்னம் இரண்டும் பலூன் மாதிரி உப்ப ஊதினார். காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார், அதற்கு வந்த சத்தம் இருக்கிறதே, அதை எழுதிக் காட்ட முடியாது கண்ணு. மேலண்டை வீட்டு அத்தாயி அக்கா கையில் கயிறோடு ஓடி வந்து, ஏன் கண்ணாயி, சிவப்பி கன்னு போடுதா, இப்படிக் கத்துது என்று கேட்டாள். சிவப்பி கொட்டகையில் நின்று நிம்மதியாகப் புல் தின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு அப்போது நாள் கிட்டவே வரவில்லை. அத்தாயி அக்கா விஷயம் தெரிந்து மடியில் அடித்துக்கொண்டு சிரித்தாள், அப்பாவுக்கு வந்த கோபத்தில் மூன்று நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. நம் கீழ்க்காட்டுக்குத் தினமும் வந்து மேயுமே அந்தக் காட்டெருமைக் கூட்டம், அது மட்டும் அந்த வாரமே வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. பட்டாசுக்குப் போகாதது இதற்குப் போய்விட்டது, அந்த வகையில் எனக்கு லாபம்தான்.

அந்தக் கருவியின் வாயில் மூங்கில் சிம்பு மாதிரி மெல்லிசாக ஒன்றைக் கட்டுகிறார்கள், ரீடு என்று பெயர், சத்தம் அதிலிருந்துதான் வருகிறதாம், காய்ந்திருந்தால் கீச்சென்று கத்துமாம். அது எனக்குத் தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் நான் அடுப்படிக்குப் போகிறேன், ஜன்னல் மேடையில் ஒரு டம்ளர், அதன்மேல் தட்டு மூடி இருக்கிறது. உனக்குத் தெரியாததா, இந்த வீட்டில் மூடி வைத்த டம்ளர் என்றால் அது என்ன என்று. கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்குக் குடித்திருக்கிறாரா இல்லையா என்று சின்னதிலேயே நீ சொல்லிவிடுவாய். நீ காதை வைத்துக் கண்டுபிடிப்பாய், நான் மூக்கை வைத்துக் கண்டுபிடிப்பேன், அம்மாவும் மகளும் அதில் பாஸ் பண்ணின ஆட்கள். அன்றைக்கு எனக்கு மூக்கை வைக்கக்கூடப் பொறுமை இல்லை. எடுத்த வேகத்தில் டம்ளரோடு கொண்டுபோய் வாசலுக்குக் கீழே இருக்கிற காப்பிச் செடிகளுக்குள் வீசி ஊற்றிவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் வந்தார், ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஐயோ என் ரீடு என்றார். பச்சைத் தண்ணீரில் அதை ஊற வைத்திருக்கிறார், பூனை நக்காமல் இருக்கத் தட்டைப் போட்டு மூடியிருக்கிறார், அவ்வளவுதான். இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் குனிந்து ஒவ்வொரு செடியடியாகத் தேடினோம், காப்பிச் செடியடியில் சருகும் சிம்பும் எத்தனை கிடக்கும், எல்லாமே ரீடு மாதிரித்தான் இருந்தது. அவர் ஒன்றை எடுத்து வாயில் வைத்துப் பார்த்து அது எறும்பு மொய்த்த குச்சி என்று துப்பினார். பழைய ஆளாக இருந்தால் அந்த டம்ளர் என் தலையைப் பார்த்துப் பறந்திருக்கும். அன்றைக்கு அவர் மண்ணிலேயே உட்கார்ந்து சிரித்தார் கவியா, நானும் உட்கார்ந்து சிரித்தேன், எத்தனை வருஷம் கழித்து அப்படிச் சிரித்தோம் என்று எனக்கு நினைவே இல்லை.

சிரித்தாயிற்று, ஆனால் இருந்தது அந்த ஒரே ரீடுதான். மேக்ஸ்வெல் கைவசம் வேறு இல்லை, சென்னையிலிருந்து கூரியரில் வர வேண்டும். ஊதுவதற்கு ஒன்றும் இல்லாத அந்தச் சாயங்காலங்களை நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுப் பக்கம் இறங்கிவிட்டார். போய்விட்டது, என் அவசரப் புத்தியால் எல்லாம் போய்விட்டது என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பி வந்தார். தோளில் ஏதோ தூசி இருப்பதுபோல் தட்டிவிடுகிற சாக்கில் கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன், பெட்ரோல் வாசனையும் கிரீஸ் வாசனையும் அடித்தது. வெள்ளக்கடைக்குப் போய் மேக்ஸ்வெல் கடையில் உட்கார்ந்து, அங்கே கிடந்த ஊதாத குழாய் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வெறும் விரலை மட்டும் போட்டுப் பழகிவிட்டு வந்திருக்கிறார். நான் முகர்ந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கோபப்படவில்லை. மோந்துக்கோ கண்ணாயி, நல்லா மோந்துக்கோ என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். எனக்கு வெட்கமாகவும் போய்விட்டது, அழுகையாகவும் வந்தது, இரண்டையும் காட்டாமல் களி கிண்டப் போய்விட்டேன். புது ரீடு வந்த பிறகு ஒரு நாள், நான் கொட்டகையில் இருக்கும்போது, ஒரு சத்தம் நேராக, கோடு போட்ட மாதிரி வந்தது. அதுவரைக்கும் கை நடுங்குகிற நடுக்கத்தில் அவர் ஊதுகிற ஒவ்வொரு சத்தமும் உதறிக்கொண்டுதான் வரும், கை நடுக்கம் நின்னா அது தானா நேரா வந்துருமுங்க என்று மேக்ஸ்வெல் சொல்லியிருந்தார். நான் சாணிக் கையோடு நின்று அது முடிகிற வரைக்கும் கேட்டேன். நீ பிறந்தபோது அழுதாயே, அதற்கு அடுத்தபடியாக நான் சந்தோஷமாகக் கேட்ட சத்தம் அதுதான்.

இப்போது கல்யாணக் கதை. மாசியில் அத்தாயி அக்கா மகன் வெங்கடேசுக்குக் கல்யாணம் முடிந்தது, பெண்ணுக்கு ஊர் வாழவந்தி, நல்ல பிள்ளை. மேக்ஸ்வெல் செட்டுதான் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு. கடைசி வரிசையில் நின்று ஊத அப்பாவையும் கூப்பிட்டுவிட்டார். அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு மெட்டு. சிவப்புக் கோட்டு, தங்கப் பித்தான், தொப்பி வேறு, கோட்டு வயிற்றுக்கு எட்டாமல் நான் ஊக்கு குத்திவிட்டேன், நடிகர் மாதிரி இருந்தார், சொன்னால் தலைக்கு ஏறிவிடும் என்று சொல்லவில்லை. நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், மாப்பிள்ளையின் தாய்மாமன் மேளக்காரர்களுக்குத் தட்டு கொடுக்க வேண்டும், வெற்றிலை பாக்கு, பழம், துண்டு, துண்டுக்கு அடியில் பாட்டில். வாங்கினவன் தட்டைத் தொட்டுக் கும்பிட்டு அங்கேயே ஒரு வாய் குடித்தால்தான் மாமனுக்கு மரியாதை. எங்கள் ஆட்களுக்குப் பாட்டில் வேண்டாம் என்று மேக்ஸ்வெல் முன்னாடியே அத்தாயி அக்காவிடம் சொல்லி அவளும் சரி என்றாள். தாய்மாமன் யார் என்று நினைத்துப் பார், அத்தாயி அக்கா தம்பி முருகன். அப்பாவும் அவரும் சேர்ந்து காலி பண்ணாத கடை இந்த மலையில் உண்டா. அவருக்கு யார் என்ன சொல்ல முடியும். முதல் மெட்டு முடியப்போகிற நேரம் பார்த்துத் தட்டோடு வந்தார், மற்ற யாரையும் பார்க்கவில்லை, நேராக அப்பா முன்னால் வந்து நின்று, மாப்ளே, இது எம்பட தட்டு, தாய்மாமன் தட்டு, நீதான் மொதல்ல தொடோணும் என்றார். நான் பெண்களோடு தேங்காய்ப் பழத் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்பா ஒரு தடவை தட்டைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். வேண்டாம் என்றால் கூட்டத்துக்கு நடுவில் தாய்மாமனுக்கு அவமானம், கல்யாணமே சண்டையாகிவிடும். தொட்டால் ஆடியிலிருந்து சேர்த்தது அத்தனையும் போச்சு.

மெட்டு முடிந்து எல்லாரும் கருவியை வாயிலிருந்து எடுத்தார்கள். அப்பா எடுக்கவில்லை. அந்த மெட்டையே மறுபடி முதலிலிருந்து தனியாக ஊத ஆரம்பித்தார். வாயில் கிளாரினெட் இருக்கும்போது அந்த வாயில் வேறு எதை வைக்க முடியும், சொல். மேக்ஸ்வெல் திரும்பிப் பார்த்தார், ஒரே பார்வைதான், புரிந்துகொண்டு கையைத் தூக்கிவிட்டார், மொத்த செட்டும் சேர்ந்துகொண்டது, ஊர்வலம் நகர்ந்தது. முருகன் தட்டை நீட்டியபடியே பின்னால் பின்னால் நடக்கிறார், அப்பா ஊதிக்கொண்டே முன்னால் முன்னால் நடக்கிறார். முடிகிற இடம் வந்தது, மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் வந்தது, மறுபடியும் முதலிலிருந்து. டிரம் அடிக்கிற தினேஷ், ஏனுங்க இது முடியுமுங்களா முடியாதுங்களா என்று கத்துகிறான். சின்னப் பிள்ளைகளுக்கு மெட்டு மனப்பாடமாகி அவர்களே பாட ஆரம்பித்துவிட்டார்கள், பெண் வீட்டார் இதுதான் இந்த ஊர் வழக்கம்போல என்று கையைத் தட்டிக்கொண்டு வருகிறார்கள். அப்பா முகம் பழுத்த காப்பிப் பழமாகச் சிவந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, உதடு நழுவிக் கீச்சென்று கத்துகிறது, ஆனால் நிறுத்தவில்லை. மண்டப வாசலில் தாய்மாமன் எங்கே, மாலை போட வாங்க என்று கூப்பிட்டார்கள். முருகனுக்கு வேறு வழியில்லை, மரத்துப்போன கையோடு தட்டை அத்தாயி அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினார். அவள் துண்டைத் தூக்கிப் பார்த்தாள், பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகினாள், தட்டைக் கொண்டுவந்து அப்பா முன்னால் நீட்டினாள். அப்போதுதான் அவர் வாயைக் குழாயிலிருந்து எடுத்தார். வெற்றிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தாய்மாமன் மரியாதை தாய்மாமனுக்குப் போய்விட்டது, அப்பா அப்பாவாக நின்றார். பந்தியில் முருகனே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏன் மாப்ளே, உனக்கு வேற மெட்டே தெரியாதா என்று கேட்டார். அப்பா தெரியாது என்று தலையை ஆட்டினார், உதடு வீங்கிப் பேச்சே வரவில்லை. அன்றைக்கு ரசம்கூட நான்தான் ஆற்றிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, சரிம்மா, இது நிலைக்குமா என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது கண்ணு. இன்றைக்கு நிலைத்திருக்கிறது, நாளைக்கு என்பதை நாளைக்கு எழுதுகிறேன். நடந்ததை எல்லாம் மறந்துவிடு என்றும் நான் சொல்லமாட்டேன், எனக்கே மறக்கவில்லை. ஆனால் ஒன்றை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும், அதற்குத்தான் இத்தனை பக்கம். கல்யாணம் முடிந்த வாரம் அவர் உனக்குப் போன் போட்டார். ஆரஞ்சு மரத்துக்கு மேலே பாறையில் ஏறினால்தான் சிக்னல் என்று ஏறி நின்று போட்டார், நான் கீழே புல் அறுத்துக்கொண்டிருந்தேன். நீ எடுத்தாய். அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டதும் வைத்துவிட்டாய். பழைய காது, அது அதன் வேலையைச் செய்தது. அன்றைக்கு அவர் குடித்திருக்கவில்லை சாமி, உன்னிடம் எந்த வார்த்தையை முதலில் பேசுவது என்று தெரியாமல் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றார். இறங்கி வந்து, புள்ளைக்கு வேலை நொம்ப இருக்குதாட்டம் என்று மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் செருப்பைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். கல்யாண மெட்டை ஊதவில்லை. நீ ஸ்கூல் பஸ்ஸை விட்டு வளைவில் இறங்கும்போது தோட்டத்திலிருந்து சீட்டி அடித்துக் கூப்பிடுவாரே, இரண்டு தாழ, ஒன்று உயர, நீயும் கீழே நின்று அதையே திருப்பி அடிப்பாயே, அதைத் தேடிக்கொண்டிருந்தார். பைக்கில் விழுந்து முன்பல் போனதிலிருந்து அவருக்குச் சீட்டி வருவதில்லை. கிளாரினெட்டை மட்டும் பக்கத்துப் பல்லில் முட்டுக் கொடுத்து எப்படியோ ஊதிவிடுகிறார். அன்றையிலிருந்து தினமும் அதுதான் வேலை, தாழ இருக்கிற இரண்டும் வந்துவிட்டது, உயர வேண்டியது பாதி நாள் கீச்சிடுகிறது, பாதி நாள் வருகிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் ஊர் ஆறு மணிக்கு, உனக்கு மூன்றரை மணிக்கு, அவர் மறுபடி பாறை ஏறப்போகிறார். அன்றைக்கு உனக்கு டூட்டி இல்லை என்று அந்தச் சேலத்துப் பெண்ணிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன், அதனால் அந்தச் சாக்கு செல்லாது. பேசமாட்டார், அவருக்குப் பேசத் தைரியம் இல்லை, ஊதத்தான் போகிறார். நான் உனக்கு இப்படி எழுதினது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டாம். நீ பேச வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை, எடுத்துக் காதில் வைத்துக்கொள், போதும்.

திருவிழாவுக்கு மலையேறும்போது உன் பேரில் கும்பிட்டு வருகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள், ஏசியில் நனைந்த தலையோடு படுக்காதே, புது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு போட்டோ அனுப்பு. சேர்வராயன் உனக்கு ஒரு குறையும் வைக்காமல், நினைத்ததெல்லாம் கொடுத்து, நூறு வருஷம் நன்றாக வைத்திருக்கட்டும். எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் மறந்துவிடாதே கண்ணு, ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்ததும் முதலில் ஒரு மூச்சுச் சத்தம்தான் கேட்கும். வைத்துவிடாதே. அது ஊதுவதற்காக இழுக்கிற மூச்சு.

இப்படிக்கு,
உன் அம்மா
மு. கண்ணாயி